அடுத்த உலகத்தைச் சுற்றிக் காட்டாதீர்கள், எங்களை அங்கே குடிவையுங்கள்

விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

டைஸ் உருட்டிக் கூட்டாகக் கதை நடத்தும் உங்கள் விளையாட்டுக்கு, 2025 ஆகஸ்டில் நான்கு சப்-கிளாஸ்களை, அதாவது வீரர்களின் துணை வகைகளை, சோதனைக்கு விட்டீர்கள். பசுமையைக் காக்கும் டிரூயிட், அரங்கத்தில் இறங்கிச் சண்டை போடும் கிளாடியேட்டர், மண்ணின் உயிரை உறிஞ்சி மந்திரம் போடும் சார்சரர், சார்சரர்-கிங் என்ற மந்திர அரசன் ஒருவனிடம் சக்தி வாங்கிப் பிழைக்கும் வார்லாக். தலைப்பில் டார்க் சன் என்ற உங்கள் பழைய பாலைவன உலகத்தின் பெயர் இல்லை. பழைய பெட்டியை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் டேபிளில் செஷன் தொடங்குவதற்கு முன்னால் இதே பேச்சுதான்: எந்த நகரத்தில் ஆரம்பிப்பார்கள், எந்த லெவல் வரை போகும், தேரி-க்ரீன் என்ற பூச்சி இனமாக ஆடலாமா, சயானிக்ஸ் என்ற மனசக்தியை என்ன செய்யப்போகிறார்கள். வரப்போகிற கதையைப் பற்றி ஊகிப்பது விளையாடுவதற்குச் சமமான சந்தோஷம் தருகிறது, அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

நானும் ஊகிக்கிறேன், இந்த மடலில் நிறையவே ஊகிக்கப்போகிறேன். ஆனால் எந்த உலகம் அடுத்து வரும் என்பதைவிட, வருகிற உலகத்தில் நாங்கள் எவ்வளவு நாள் தங்க முடியும் என்பதுதான் என் கவலை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பல வருடங்களாக டிஎம், அதாவது டேபிளில் கதையை நடத்துகிற ஆள். எங்கள் டேபிளில் விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு முழுக்கத் தமிழில் நடக்கும். ட்வார்ஃப் கொல்லனை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், வாட்டர்டீப் சந்தையில் கயிறு வாங்கினால்கூட விலை பேசாமல் வாங்க மாட்டார்கள். நீங்கள் எழுதிய ஊர்களில் நாங்கள் இப்படித்தான் வாழ்கிறோம். வாழ்கிறோம் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன், ஏனென்றால் உங்கள் சில புத்தகங்களில் அப்படி வாழ முடிகிறது, சிலவற்றில் முடிவதே இல்லை.

முடியாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம், விளையாட்டின் ஐம்பதாவது ஆண்டில், வெக்னாவை வில்லனாக வைத்து 10-ஆம் லெவலிலிருந்து 20 வரை போகிற பெரிய கதையைக் கொடுத்தீர்கள். ஏழு துண்டாக உடைந்த கோலைத் தேடி வீரர்கள் உலகம் உலகமாகப் போகிறார்கள். ஓர் அத்தியாயம் எபெரான், ஒன்று ரேவன்லாஃப்ட், ஒன்று டிராகன்லான்ஸின் கிரின், ஒன்று கிரேஹாக். ஐம்பது வருடக் கொண்டாட்டத்துக்கு எல்லாருடைய வீட்டுக்கும் ஒரு எட்டு போய்வர வேண்டும் என்று நினைத்தது புரிகிறது. ஆனால் கும்பகோணத்தைச் சுற்றி ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் காட்டிவிடும் டூர் வேனில் ஏறினது போலத்தான் அது இருக்கிறது. எபெரானில் போர் நாசமாக்கிய மோர்ன்லாண்டில் இறங்குகிறோம். அந்த நிலம் ஏன் அப்படியானது, அங்கே வீடு இழந்தவர்கள் இப்போது எங்கே பிச்சை எடுக்கிறார்கள், யார் அவர்களைத் திட்டுகிறார்கள் என்றெல்லாம் கேட்க ஆரம்பிப்பதற்குள் துண்டு கிடைத்துவிடும், அடுத்த உலகத்துக்குக் கிளம்ப வேண்டும்.

ஸ்பெல்ஜாமர் இன்னும் வருத்தமானது. ஜெஃப் க்ரப் 1989-இல் உருவாக்கிய அந்த உலகத்துக்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள்! விண்வெளியில் மரக்கப்பல் ஓட்டுவதுதான் அதன் உயிர். 2022-இல் மூன்று மெல்லிய புத்தகங்களை ஒரே உறைக்குள் போட்டு வந்தது, ஒவ்வொன்றும் 64 பக்கம். அதில் ஒன்று மிருகங்கள், ஒன்று கதை, மிச்சம் இருக்கிற 64 பக்கத்துக்குள் இனங்கள், மந்திரங்கள், கப்பல்கள், வரைபடங்கள், ஒரு விண்வெளி ஊர் எல்லாம் அடங்க வேண்டும். கப்பலும் கப்பலும் மோதிக்கொள்வதற்கு உருப்படியான விதிகள் இல்லை. கிட்டே போய் எதிரிக் கப்பலில் ஏறிக் கத்தியால் சண்டை போடு என்கிற அளவில் நின்றுவிடுகிறது. அடுத்த வருடம் பிளேன்ஸ்கேப் என்ற உலகமும் அதே மூன்று புத்தக வடிவத்தில்தான் வந்தது. அதில் பக்கம் கொஞ்சம் கூடியது, சிஜில் நகரத்துக்குக் கொஞ்சம் மூச்சும் கிடைத்தது. ஆனாலும் டார்க் சன் இந்த வடிவத்தில் வந்துவிடக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆழமாகச் செய்ய உங்களுக்குத் தெரியாது என்றால் நான் இந்த மடலையே எழுத மாட்டேன். 2019-இல் வந்த எபெரான் புத்தகம் 320 பக்கம். ஷார்ன் நகரத்தின் கோபுரங்களுக்குத் தனி அத்தியாயம். அதைவிட எனக்குப் பிடித்தது, வீரர்கள் குழுவாக ஒரு பத்திரிகைக்கு வேலை செய்யலாம், ஒரு பல்கலைக்கழகத்துக்கோ ஒரு கடத்தல் கூட்டத்துக்கோ வேலை செய்யலாம் என்று வைத்தது. வேலை என்று ஒன்று இருந்தால் ஊரோடு கணக்கு வழக்கு வந்துவிடும். பத்திரிகைக்காரர்களாக ஒரு கேம்பெயின், அதாவது பல செஷன் நீளும் கதை, ஓட்டினேன். ஒரு பெரிய குடும்பத்தின் மோசடியை எழுதுவதா, அவர்கள் தரும் விளம்பரத்தை இழப்பதா என்று ஒரு செஷன் முழுக்க வாதம் நடந்தது. ஒரு அரக்கனும் வரவில்லை, டைஸ் இரண்டு மூன்று தடவைதான் உருண்டது.

2016-இல் வந்த பரோவியா கதை இன்னும் நல்ல உதாரணம். மூடுபனி சுற்றி அடைத்துக்கொண்டிருக்கும், வெளியே போக வழி கிடையாது. வல்லாக்கி என்ற சின்ன ஊர். அங்கே இருக்கும் பிரபு, மக்கள் சந்தோஷமாக இருந்தால் பரோவியாவை ஆளும் ரத்தக்காட்டேரி ஸ்ட்ராடின் இருட்டு விலகிவிடும் என்று நம்பி வாரா வாரம் திருவிழா நடத்துகிறான், சந்தோஷமாக இல்லாதவர்களைப் பிடித்துத் தண்டிக்கிறான். சூரியன் திருவிழா அன்று பிரம்பால் பின்னிய பெரிய சூரியனைச் சதுக்கத்தில் தூக்கிக் கட்டி நெருப்பு வைப்பார்கள். மழை வந்துவிடும், தீப்பந்தம் அணைந்துவிடும். அந்த மௌனத்தில் ஒரு காவலன் தாங்க முடியாமல் சிரித்துவிடுவான். உடனே அவனைக் குதிரையில் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்வான் பிரபு. நான் இந்தக் காட்சியைப் படித்துக் காட்டியபோது நீதிக்காகச் சண்டை போடும் பாலடினாக ஆடுகிற எங்கள் பெண் கையில் இருந்த டைஸை அப்படியே கீழே வைத்துவிட்டு, "இப்பவே வாளை உருவுறேன்" என்றாள். பக்கத்தில் இருந்த ரோக் ஆடுகிறவர் அவளைத் தடுத்தார். பிரபு போனால் அந்த ஊரைப் பிடிக்கக் காத்திருக்கும் வாக்டர் சீமாட்டி பிசாசுகளைக் கும்பிடுகிறவள் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் முந்தைய செஷன்களில் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு யாரைக் காப்பாற்றுவது, ஊரை யாரிடம் விடுவது என்று அவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்காகத்தான் நான் டிஎம்-ஆக இருக்கிறேன். ஊரில் தங்கியிருந்தால்தான் இது நடக்கும். அங்கே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிற கதையாக இருந்தால் பாலடின் வாளை உருவியிருப்பாள், பிரபு செத்திருப்பான், எல்லாரும் கிளம்பியிருப்பார்கள்.

சரி, இப்போது டார்க் சன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. டிமதி பிரௌனும் ட்ராய் டென்னிங்கும் உருவாக்கி, ப்ராம் என்கிற ஓவியர் முகம் கொடுத்து, 1991-இல் வந்தது அதாஸ் என்ற அந்த உலகம். சிவந்து வாடிய சூரியன். கடல் இருந்த இடத்தில் புழுதி. உலோகம் அபூர்வம் என்பதால் வாள் எலும்பில், கத்தி கருங்கண்ணாடிக் கல்லில், காசு சுட்ட மண்ணில். தெய்வங்கள் இல்லை. மந்திரம் போட்டால் சுற்றியிருக்கும் செடிகொடி சாம்பலாகும். அந்த மாதிரி போட்டுப் போட்டுத்தான் உலகமே பாலைவனமானது. நகரங்களைச் சாகாத சர்வாதிகாரிகள் ஆள்கிறார்கள், அவர்கள்தான் சார்சரர்-கிங்குகள். மற்ற ஃபேன்டசி உலகங்களில் இருட்டு எங்கிருந்தோ வரும், வீரர்கள் அதைத் தடுப்பார்கள். அதாஸில் நாசம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, நடத்தியவர்கள் அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு இருபது வயதில் டைஸ் எடுக்கிற பிள்ளைகளுக்கு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, இதைவிடக் கிட்டத்தில் இருக்கிற உலகம் உங்களிடம் வேறு இல்லை.

என் ஊகம், கதை டைர் நகரத்தில் தொடங்கும். பழைய வரலாற்றில் பல நூறு வருடம் ஆண்ட கலாக் என்ற அரசன் கொல்லப்பட்டு, டைர் விடுதலை அடைந்த முதல் நகரமாகிறது. 2010-இல் வந்த பதிப்பும் அவன் செத்த கையோடுதான் தொடங்கியது. 1991-இன் முதல் கதையில் வீரர்கள் அவனுடைய கோபுரத்துக்குக் கல் சுமக்கும் அடிமைகள். அங்கேயே மறுபடி தொடங்கி அரசனைக் கொல்வதைக் கடைசிக் காட்சியாக வைக்கத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கொல்வதை முதல் செஷனிலேயே முடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் தொடங்குங்கள்.

மறுநாள் காலையில் என்ன இருக்கும்? தானியக் கிடங்கின் சாவி டெம்ப்ளர்களிடம் இருக்கும். அவர்கள்தான் அரசனுக்கு வரி வசூலித்தவர்கள், ஆட்களைப் பிடித்து இழுத்துப் போனவர்கள், ஊரே காறித் துப்புகிற கூட்டம். ஆனால் எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை, எந்த மதகை எப்போது திறக்க வேண்டும் என்று பேரேடு பார்த்துச் சொல்லத் தெரிந்ததும் அவர்கள்தான். அவர்களை அடித்து விரட்டுவதா, உட்கார வைத்து வேலை வாங்குவதா? டைருக்கு இரும்புச் சுரங்கம் இருக்கிறது, உலோகமே இல்லாத உலகத்தில் அதுதான் அதன் பலம். நேற்று வரை சங்கிலியோடு இறங்கினவர்கள் இன்றைக்கு ஏன் இறங்க வேண்டும்? இறங்காவிட்டால் எதை விற்று ஊர் சாப்பிடும்? வடக்கே ஊரிக் நகரத்து ஹமானு அந்த இரும்புக்காகப் படையோடு வர எவ்வளவு நாள் ஆகும்?

அப்புறம் டிராகன். அதாஸில் டிராகன் என்பது ஒன்றே ஒன்றுதான். வருடா வருடம் ஒவ்வொரு நகரமும் ஆயிரம் உயிரை அதற்குக் கப்பமாக அனுப்ப வேண்டும், இல்லையென்றால் நகரமே இருக்காது. மற்ற அரசர்கள் அடிமைகளை அனுப்பிக் கணக்கை முடித்துவிடுவார்கள். எல்லோரும் சுதந்திர மனிதர்களான டைர் யாரை அனுப்பும்? என் ஆசையில் இருக்கிற கேம்பெயினில் இந்தக் கேள்வி 5-ஆம் லெவலில் காதில் விழ வேண்டும், பதில் சொல்ல வேண்டிய நாள் 12-ஆம் லெவலில் வர வேண்டும். நடுவில் இருக்கிற எல்லா செஷனும் அந்த நாளை நோக்கிய ஓட்டம். சீட்டுப் போட்டு ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மன்றத்தில் ஒருவர் எழுந்து சொல்வார், அவரை வீரர்களுக்குப் பிடிக்கும்படி அதற்கு முன்னால் பல மாதம் பழக்கியிருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்க விதிகள் ஒத்துழைக்க வேண்டும். இப்போதைய விதிகள் ஒத்துழைக்காது. முதல் லெவலில் இருக்கும் கிளெரிக் என்ற பூசாரி ஒரு மந்திரத்தில் பத்து கேலன் தண்ணீர் வரவழைக்கலாம், கிட்டத்தட்ட 38 லிட்டர். டிரூயிட் ஒரு மந்திரத்தில் பத்து பழம் கொடுத்தால் பத்து பேருக்கு ஒரு நாள் சாப்பாடு முடிந்தது. வழக்கமான கதையில் இது ஒன்றும் தொந்தரவு இல்லை; டார்க் சன்னில் இந்த இரண்டு மந்திரமும் அப்படியே இருந்தால் உலகம் முதல் நாளே செத்துவிடும். வெறுமனே தடை செய்வதும் சரியில்லை, ஆடுகிறவருக்கு எதையோ பறித்துக்கொண்டது போல இருக்கும். தண்ணீர் வரவழைக்கத் தெரிந்த ஒரு கிளெரிக் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதைக் கதையாக்குங்கள். அவரைக் கடத்த ஆள் வருவார்கள், வாசலில் குடத்தோடு வரிசை நிற்கும், வணிகக் குடும்பங்கள் கிணற்று வியாபாரம் கெட்டுவிடும் என்று அவர் தலைக்கு விலை வைக்கும். மந்திரத்தின் அளவைக் குறைத்து, அந்தக் குறைந்த அளவுக்கும் இவ்வளவு பேர் அடித்துக்கொள்வார்கள் என்று காட்டினால் போதும்.

மண்ணை நாசமாக்கும் மந்திரத்திலும் இதே கவனம் வேண்டும். 2010 பதிப்பில் இதை அழகாகச் செய்திருந்தீர்கள்: பெரிய மந்திரம் குறி தவறினால் மண்ணின் உயிரை உறிஞ்சி மறுபடி டைஸ் உருட்டலாம், ஆனால் வலி பக்கத்தில் நிற்கும் சொந்த ஆட்களுக்கு விழும். எதிரிக்கு அல்ல, நண்பனுக்கு. ஒவ்வொரு தடவையும் டேபிளில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் செய்ய முடியும். ஒரு சப்-கிளாஸுக்குள் பூட்டிவைத்தால் இந்த ஆசை ஒருவரோடு நின்றுவிடும். மந்திரம் போடும் எல்லோருக்கும் அந்தக் கதவைத் திறந்துவையுங்கள், யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்கலாம்.

அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. டார்க் சன் பிரச்சினைக்குரியது, அதனால்தான் திரும்பப் போகவில்லை என்று 2023-இல் உங்கள் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டது. தயக்கம் எனக்குப் புரிகிறது. ஸ்பெல்ஜாமரில் ஹடோசீ என்ற குரங்கு இனத்தை அடிமைகளாக்கி எழுதிய பின்கதை எவ்வளவு பேரைப் புண்படுத்தியது, நீங்கள் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் டார்க் சன்னிலிருந்து அடிமைத்தனத்தைத் துடைத்துவிட்டால் சார்சரர்-கிங் வெறும் பலசாலி வில்லன் ஆகிவிடுவான், டைரின் விடுதலைக்கு அர்த்தமே இருக்காது. துடைக்காதீர்கள். பழைய புத்தகங்கள் சறுக்கிய இடங்களை மட்டும் விடுங்கள்: மனிதர்களுக்கு விலைப்பட்டியல் வேண்டாம், வீரர்கள் ஆள் வாங்கலாம் என்ற வழியே வேண்டாம், அடிமையாக இருந்தவர்களுக்குப் பெயரும் ஊரும் கோபமும் நகைச்சுவையும் இருக்கட்டும். கதை அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். பரம்பரை பரம்பரையாக நிலத்தோடு கட்டிப்போடப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் டேபிளிலும் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். சங்கிலியை உடைக்கிற கதை அவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். விளையாடும் முன் எதெல்லாம் வேண்டாம் என்று பேசி முடிவெடுக்கும் பழக்கத்தை உங்கள் புத்தகங்களே எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன, அந்த வேலையை டேபிளை நம்பி விடலாம்.

மற்ற உலகங்களைப் பற்றியும் சில ஊகங்கள் உண்டு.

கிரேஹாக்கை 2024 டிஎம் வழிகாட்டியில் அந்த உலகத்துக் கணக்கில் 576-ஆம் ஆண்டு என்று நிறுத்தி, வரைபடத்தோடும் நிறைய வெற்றிடத்தோடும் எங்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள். அதை இனி நிரப்ப வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மிஸ்டாரா என்ற பழைய உலகம் வருமா என்று கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் 1987 முதல் அதற்கு ஒரு நாட்டுக்கு ஒரு புத்தகம் என்று சிறுசிறு நூல்கள் வந்தன, ஆரன் ஆல்ஸ்டன் எழுதிய கராமெய்கோஸ்தான் முதலாவது. ஒரு குட்டி நாட்டை எடுத்துக்கொண்டு அதன் வரி, சண்டை, கல்யாணம், வதந்தி எல்லாம் சொல்கிற அந்த அளவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலகம் முழுவதற்கும் 64 பக்கம் என்பது எங்கே, ஒரு நாட்டுக்கே 64 பக்கம் என்பது எங்கே! அச்சில் இடம் இல்லையென்றால் டிஜிட்டலாகவாவது அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நான் நிஜமாகவே எதிர்பார்ப்பது பர்த்ரைட் என்ற உலகம். 1995-இல் வந்தது, அதில் வீரர்கள்தான் அரசர்கள், கோயில் தலைவர்கள், வணிகப் பெரும்புள்ளிகள். மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று என்று நாட்டை நடத்துவார்கள். புதிய டிஎம் வழிகாட்டியில் 5-ஆம் லெவலிலிருந்து வீரர்களுக்குச் சொந்தக் கோட்டை, ஏழு நாளுக்கு ஒரு தடவை அதற்கு உத்தரவு என்று வைத்திருக்கிறீர்கள். அதைப் படித்தபோதே இது பர்த்ரைட்டுக்குப் போடுகிற அடித்தளமோ என்று தோன்றியது. இப்போது அந்தக் கோட்டை மருந்து காய்ச்சவும் மந்திரச் சுருள் எழுதவும் பயன்படுகிறது, பக்கத்து ஊர்க்காரன் யார் என்று அதற்குத் தெரியாது. அதைச் சுற்றி நான்கு கிராமத்தை வையுங்கள், ஒரு ஆற்றை வையுங்கள், ஆற்றுக்கு மேல்பக்கம் அணை கட்டப் பார்க்கிற ஒரு பிரபுவை வையுங்கள். ஒரு செஷனுக்கு ஒரு பருவம் என்று ஓடுகிற கதையாக, முதல் லெவலில் ஆடு மேய்த்த பையன் 15-ஆம் லெவலில் தன் பிள்ளைக்குப் பட்டம் கட்டுகிற வரைக்கும் போகலாம். அரக்கர்களும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் வருகிற அரக்கன் வேறு, சும்மா குகைக்குள் உட்கார்ந்திருக்கிற அரக்கன் வேறு.

அரபுக் கதைகளை வைத்த அல்-காதிம், கிழக்காசியாவை வைத்த காரா-டூர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தூரத்தில் உட்கார்ந்து ஒரு கண்டத்தின் மக்கள் எல்லோரையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிய காலம் அது. எங்கள் பக்கத்துக் கதைகளுக்கும் அது நடந்திருக்கிறது. புலித் தலையும் திருப்பிவைத்த உள்ளங்கையுமாக 1970-களிலிருந்து உங்கள் புத்தகங்களில் இருக்கும் ராட்சசனைக் கொல்ல ஆசீர்வதித்த அம்பு வேண்டும் என்ற விதி, ராமாயணத்திலிருந்து வரவில்லை, 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு திகில் தொடரிலிருந்து வந்தது. ராவணன் வீணை வாசிப்பான், வேதம் படித்தவன், கைலாயத்தையே தூக்கப் பார்த்தவன் என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தப் புலியைப் பார்த்தால் கோபம் வருவதில்லை, இவ்வளவு நல்ல வில்லனை இவ்வளவு சின்னதாகச் செய்துவிட்டார்களே என்ற ஏக்கம்தான் வருகிறது.

அது மாறவும் தொடங்கியது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். 2021-இல் ரேவன்லாஃப்ட் புத்தகத்தில் கலாகெரி என்ற நாட்டை அஜித் ஜார்ஜ் எழுதினார். உடன்பிறந்தவர்கள் சிம்மாசனத்துக்காக அடித்துக்கொள்கிற திகில் நாடு அது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளியோடு பல வருடம் வேலை செய்தவர் அவர் என்று தெரிந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த வருடமே அவரும் வெஸ்லி ஷ்னைடரும் முன்னின்று ரேடியண்ட் சிட்டாடல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். பதின்மூன்று கதைகள், ஒவ்வொன்றும் வேறு வேறு நிலம், எழுதியவர்கள் அந்தந்தப் பண்பாட்டில் வேர் உள்ளவர்கள். மிமி மண்டல் எழுதிய ஷங்கபூமியில் ஆறும் சேறும் மூடுபனியும் வங்காளத்தின் வாசனையோடு வருகின்றன. படித்துவிட்டு அடுத்தது என்ன என்று பக்கத்தைப் புரட்டினால், கதை முடிந்து அந்த நாட்டைப் பற்றிச் சில பக்கக் குறிப்பு, அவ்வளவுதான், அடுத்த நிலம் வந்துவிடுகிறது. பதின்மூன்று வாசலையும் திறந்து காட்டிவிட்டீர்கள். அதில் ஏதாவது ஒன்றுக்குள் எங்களை முழுசாக விடுங்கள். ஷங்கபூமியில் முதல் லெவலிலிருந்து 10 வரை ஒரு கேம்பெயின், அதே எழுத்தாளர் கையால், 250 பக்கத்தில். பழைய அல்-காதிமைத் தூசி தட்டுவதைவிட இது எத்தனையோ மேல் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதை நீங்கள் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறீர்கள் என்பதால் தைரியமாகக் கேட்கிறேன். 2002-இல் புது உலகம் தேடுகிறோம், யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தீர்கள். 11,000-க்கும் மேல் வந்து குவிந்தன. அதிலிருந்து கீத் பேக்கரின் எபெரான் தேர்வாகி 2004-இல் புத்தகமானது. இந்த மடலில் நான் மனதாரப் பாராட்டிய உலகம் அப்படி வெளியிலிருந்து வந்ததுதான். அதற்கப்புறம் அந்தத் தேடல் மறுபடி நடக்கவில்லை. இன்றைக்கு இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் 2002-இல் இருந்த அதே ஆட்கள் இல்லை. மணிலாவிலும் லாகோஸிலும் சாவோ பாலோவிலும் சென்னையிலும் டேபிள்கள் இருக்கின்றன, பத்து வருடமாகச் சொந்தமாக உலகம் கட்டி ஓட்டுகிற டிஎம்-கள் இருக்கிறார்கள், அவர்களுடைய நோட்டுப் புத்தகங்களில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. 2023 ஜனவரியில், உங்கள் விதிகளை மற்றவர்கள் பயன்படுத்தும் உரிமத்தைப் பற்றிய பிரச்சினை கொழுந்துவிட்டு எரிந்து, நீங்கள் பின்வாங்கி அடிப்படை விதிகளைப் பொதுவெளிக்குக் கொடுத்தது நல்ல முடிவு. விதிகளைத் திறந்த அதே கையால் உலகங்களையும் கொஞ்சம் திறக்கலாம்: ஒரு தேடல் நடத்துங்கள், டார்க் சன் வரும்போது 2018-இல் எபெரானுக்குச் செய்தது போல ரசிகர்கள் அதில் எழுதி விற்க அனுமதி கொடுங்கள். டைர் நகரத்தைப் பற்றி நீங்கள் 320 பக்கம் எழுதினால், மீதி ஆறு நகரத்தைப் பற்றி நாங்கள் எழுதுகிறோம்.

எங்கள் டேபிளில் ஒருவர் ஏற்கெனவே ஊரிக் நகரத்துக் கருங்கண்ணாடிச் சுரங்கத்துக்கு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சுரங்கத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்குமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
தமிழில் டைஸ் உருட்டும் ஒரு டிஎம்